விலகக் காரணம்

மார்ச் 4

அன்புள்ள மைனாவுக்கு,

அண்ணி எழுதுகிறேன். இங்கே நானும் உன் அண்ணனும் நலம். அவருக்குச் சளி விட்டுவிட்டது. மருந்து குடிக்க வைத்த கோபம்தான் இன்னும் விடவில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொன்ன பிறகு மூன்றாவது மாடியில் வீடு பார்த்துக் குடிபோன ஆள் உலகத்தில் நீ ஒருத்திதான்.

இதோடு ஒரு விளம்பரத் துண்டும் படிவத்தின் நகலும் வைத்திருக்கிறேன். ஆற்றுப் பாலம் தாண்டிப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்று கட்டுகிறார்கள். ஆகஸ்டில் திறக்கிறார்கள். அங்கே கிருமிநீக்கப் பிரிவுக்குத் தலைமைப் பொறுப்பில் ஒரு ஆள் வேண்டுமாம். மே முப்பத்தொன்றுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும்.

சிரிக்காதே. இருபத்திரண்டு வருஷமாக ஒரே ஆஸ்பத்திரி, ஒரே அடித்தளம், ஒரே அறை என்று இருந்தவளுக்கு இது என்ன வேலை என்று நானே பத்து நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கடைசியாக விண்ணப்பம் என்று ஒன்றைக் கொடுத்தபோது எனக்கு இருபத்து நாலு வயது. அதையும் பக்கத்து வீட்டு மாமாதான் எழுதினார். நான் கையெழுத்து மட்டும் போட்டேன். கல்வித் தகுதி என்ற இடத்தில் போட இன்றைக்கும் பத்தாம் வகுப்புதான் இருக்கிறது.

நீ ஆள் எடுக்கிற பிரிவில் உட்கார்ந்திருப்பவள். எனக்காக ஒன்று எழுதித் தருவாயா?

போனில் பேச முடியாது. போன் கூடத்தில் இருக்கிறது, உன் அண்ணனும் கூடத்தில்தான் இருக்கிறார். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. பதிலைக் கீழ்வீட்டுத் தையல்காரி பெயருக்கு அனுப்பு. அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


மார்ச் 11

அன்புள்ள அண்ணிக்கு,

மைனாவின் வணக்கம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் மூன்றாவது மாடியில் காற்று நன்றாக வருகிறது, அதை டாக்டரிடமும் சொல்லிவிட்டேன். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் போட்ட சத்தத்தில் என் வீட்டுக்காரர், அதான் உங்கள் தம்பி, சவரம் செய்துகொண்டிருந்தவர் கன்னத்தைக் கீறிக்கொண்டார். விஷயம் என்னவென்று அவரிடம் சொல்லவில்லை. பாவம், ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

சிரிக்கவில்லை அண்ணி. ஆனால் எழுதித் தரவும் மாட்டேன். என் மேஜைக்கு ஒரு நாளைக்கு நாற்பது விண்ணப்பம் வருகிறது. சொந்தமாக எழுதியது எது, கேட்டு எழுதியது எது என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும். நீங்கள் எழுதுங்கள், நான் ஒழுங்குபடுத்தி டைப் அடித்துத் தருகிறேன். காலையில் போனதிலிருந்து என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள், போதும்.

இன்னொன்று. ஏன் அண்ணி? திடீரென்று ஏன்?

அண்ணன் சளிக்குக் கஷாயம் வேண்டாம், மாத்திரையே கொடுங்கள். சின்ன வயதிலிருந்தே கஷாயத்தைக் கண்டால் கூரை மேல் ஏறுகிற ஆள்.

உங்கள் மைனா


மார்ச் 19

அன்புள்ள மைனாவுக்கு,

நலம், நலம் அறிய ஆவல். தம்பியின் கன்னத்துக்கு நான் வருத்தப்பட்டதாகச் சொல். எதற்கு என்று மட்டும் சொல்லாதே.

நீ கேட்டபடி எழுதுகிறேன். காலையில் போவேன். அழுக்குக் கருவிகள் வரும். கழுவுவேன். காய வைப்பேன். தட்டில் அடுக்கித் துணியில் பொதிவேன். நீராவி யந்திரத்தில் வைப்பேன். எடுப்பேன். அறுவை அறைக்கு அனுப்புவேன். இவ்வளவுதான். இதில் எழுத என்ன இருக்கிறது?

ஏன் என்று கேட்டிருந்தாய். புது ஆஸ்பத்திரி வீட்டுக்குப் பக்கம். அதுதான்.

அண்ணி


மார்ச் 25

அன்புள்ள அண்ணிக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை, கோபமாக இருக்கிறேன்.

கழுவுவேன், காய வைப்பேன் என்று எழுதினால் துணி வெளுக்கத்தான் ஆள் எடுப்பார்கள். ஒரு தட்டில் எத்தனை கருவி இருக்கும்? யார் எண்ணுவது? ஒன்று குறைந்தால் என்ன ஆகும்? அந்த அறையில் உங்களால் மட்டும் முடிகிற காரியம் எது? கூச்சப்படாமல் எழுதுங்கள். அடக்க ஒடுக்கத்துக்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.

பிறகு, ‘பக்கம்’ என்கிறீர்களே, பாலம் தாண்டிப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். இப்போது அண்ணனோடு பேசிக்கொண்டே பத்து நிமிஷம் நடந்து போகிறீர்கள். ஒரே ஆஸ்பத்திரியில் அவர் மேலே கீழே ஓடி ரிப்பேர் வேலை பார்க்க, நீங்கள் அடித்தளத்தில். இருபது வருஷமாக ஒரே குடையில் போய் வருகிற ஜோடி. என்னிடம் இந்தக் கதையெல்லாம் வேண்டாம்.

படிவத்தில் பதினான்காவது கட்டத்தைப் பாருங்கள். ‘தற்போதைய பணியிலிருந்து விலகக் காரணம்.’ அவர்களும் கேட்பார்கள்.

கோபமாக இருந்தாலும் விசாரிக்கிறேன்: கையில் நீராவி சுட்ட காயம் ஆறிவிட்டதா?

மைனா


ஏப்ரல் 2

அன்புள்ள கோபக்காரிக்கு,

காயம் ஆறிவிட்டது. தழும்பு இருக்கும். ஏற்கெனவே இருக்கிற ஏழோடு எட்டு.

நீ கேட்டவற்றுக்குப் பதில். வயிற்று அறுவைக்கான பெரிய தட்டில் அறுபத்து நாலு கருவி. அனுப்பும்போது நாங்கள் எண்ணுவோம், அறுவை அறையில் எண்ணுவார்கள், திரும்பி வந்ததும் மறுபடி நாங்கள் எண்ணுவோம். நான் எண்ணுவதற்கு முன்பே தூக்கிப் பார்த்துச் சொல்லிவிடுவேன். சும்மா சொல்லவில்லை. நாலு வருஷத்துக்கு முன்பு ஒரு தட்டு வந்தது. “சரியா இருக்கு, எண்ணியாச்சு” என்று சீட்டில் எழுதி இருந்தது. தூக்கினேன், லேசாக இருந்தது. எண்ணினால் அறுபத்து மூன்று. ஒரு சின்ன இடுக்கி இல்லை. மேலே போன் செய்தேன். நோயாளியின் வயிற்றைத் தைத்து முடித்திருந்தார்கள். மூன்று டாக்டர்கள் வேர்த்துப் போய் நின்றார்கள். எக்ஸ்ரே எடுக்க ஆளைக் கூப்பிட்டார்கள். நான் அதற்குள் அழுக்குத் துணி மூட்டைகளை அவிழ்த்துத் தரையில் கொட்டினேன். ஏழாவது மூட்டையில் ஒரு விரிப்பின் மடிப்பில் அது கிடந்தது. பல்லெல்லாம் காட்டிக்கொண்டு.

என்னிடம் தொழில் பழகி வேறு ஆஸ்பத்திரிகளுக்குப் போனவர்கள் பதினோரு பேர். அதில் இரண்டு பேர் இப்போது பிரிவுத் தலைவர்கள். கத்தரியின் கூர் போய்விட்டதா என்று ஈரப் பஞ்சில் ஒரு வெட்டு வெட்டிப் பார்த்துச் சொல்வேன். யந்திரம் சத்தம் மாறினால் வாசலில் வரும்போதே தெரியும். கண் பார்வை மட்டும் முன்போல இல்லை, ஆனால் கண்ணாடி போட்டுக்கொள்கிறேன்.

எழுத எழுத எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது மைனா. இவ்வளவும் நான்தானா?

பதினான்காவது கட்டத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முழங்காலுக்கு எண்ணெய் தேய்.

அண்ணி


மே 12

அன்புள்ள அண்ணிக்கு,

ஏப்ரல் ஒன்பதாம் தேதி உங்கள் வார்த்தைகளையே எடுத்து விண்ணப்பத்தை அழகாக டைப் அடித்து அனுப்பினேன். ஏழாவது மூட்டையைக்கூட விடவில்லை. பதில் இல்லை. இரண்டு தடவை போன் செய்தேன். “நல்லாருக்கோம், நீ நல்லாருக்கியா, வெச்சிடட்டுமா?” என்றீர்கள். தையல்காரிக்கே ஒரு கார்டு போட்டேன். ‘கடுதாசி கொடுத்தாச்சு, அவங்க படிச்சாங்க, மடிச்சு ரவிக்கைக்குள்ள வெச்சுக்கிட்டுப் போயிட்டாங்க’ என்று எழுதியிருக்கிறாள்.

இன்னும் பத்தொன்பது நாள்தான் இருக்கிறது. அனுப்ப வேண்டாம் என்று முடிவு செய்திருந்தால் ஒரு வரி எழுதுங்கள், நான் நச்சரிக்க மாட்டேன். இரண்டு நாள் அழுதுவிட்டு விட்டுவிடுவேன்.

பதினான்காவது கட்டம்தான் காலைப் பிடித்து இழுக்கிறதா?

எல்லோரும் நலம்தானே? அதையாவது சொல்லுங்கள்.

மைனா


மே 18

அன்புள்ள மைனாவுக்கு,

எல்லோரும் நலம். உன்னைக் காக்க வைத்தது தப்பு.

நீ டைப் அடித்து அனுப்பியதை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. அதில் இருந்த பெண்மணி மிகவும் பெரியவளாக இருந்தாள். அவள் எப்படி அந்தக் காரியம் செய்தாள் என்று யோசித்தேன். ஐந்து வாரம் அதில் போய்விட்டது. சொல்லிவிடுகிறேன்.

போன நவம்பரில் ஒரு காலை. அன்று முதல் சுற்றில் இருபத்தாறு தட்டு. ஒவ்வொரு சுற்றிலும் நடுவில் ஒரு சோதனைப் பொட்டலம் வைப்போம். அதற்குள் ஒரு காகிதப் பட்டை இருக்கும். நீராவி உள்ளே வரை சரியாகப் போயிருந்தால் அது கறுப்பாகிவிடும். அன்று பழுப்பிலேயே நின்றுவிட்டது. தட்டுகளின் மேல் ஒட்டியிருந்த டேப் வெளிச்சூட்டுக்கே கறுத்துவிடும், அது கறுத்திருந்தது, உள்ளே வைத்த பட்டை மட்டும் கறுக்கவில்லை. நான் ஒரு தட்டையும் வெளியே விடவில்லை. எல்லாவற்றையும் பிரித்து, புதுத் துணியில் பொதிந்து, இன்னொரு யந்திரத்தில் ஏற்றினேன். அறுவை சிகிச்சை இரண்டு மணி நேரம் தள்ளிப்போயிற்று.

பெரிய டாக்டர் அடித்தளத்துக்கே இறங்கி வந்தார். எங்கள் ஆட்கள் ஒன்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“டேப் கறுத்திருக்கே, இன்னும் என்ன?”

“உள்ள இருக்கற பட்டை கறுக்கல சார். தர மாட்டேன்.”

“பாத்திரம் கழுவுறவ எனக்குப் பாடம் எடுக்கறியா?”

நான் தட்டைக் கொடுக்கவில்லை.

மறுநாள் நிர்வாகத்தில் கூப்பிட்டார்கள். யந்திரத்தில் கோளாறு எதுவும் இல்லையாம். ஒரு காகிதம் டைப் அடித்துத் தயாராக இருந்தது. ‘தேவையற்ற தாமதம் ஏற்படுத்தியதற்கு வருந்துகிறேன். இனி இவ்வாறு நடக்காது.’ இனி இவ்வாறு நடக்காது என்றால் என்ன அர்த்தம் மைனா? அடுத்த தடவை பட்டை கறுக்காவிட்டாலும் கொடுத்துவிடுவேன் என்றுதானே? மூன்று நாள் அந்தக் காகிதத்தைத் தொடவில்லை. நாலாம் நாள் கையெழுத்துப் போட்டேன்.

ஏன் போட்டேன் என்று கேட்காதே.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அந்த அறைக்குள் போகும்போது யாரோ என் பெயரைத் தப்பாகக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. இதை எப்படி ஒரு கட்டத்துக்குள் எழுதுவது? ‘நேரில் சொல்கிறேன்’ என்று எழுதி விண்ணப்பத்தை நேற்று தபாலில் சேர்த்துவிட்டேன்.

அண்ணி


மே 24

என் அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் படித்திருக்கக் கூடாது. மேனேஜர் வந்து “யாராவது தவறிட்டாங்களா?” என்று கேட்டார். “இல்ல சார், எங்க அண்ணி உயிரோடதான் இருக்காங்க, நல்லாவே இருக்காங்க” என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

அந்த இருபத்தாறு தட்டில் ஏதோ ஒன்று என் வயிற்றுக்கு வந்திருக்கலாம். உங்கள் தம்பிக்கு, அண்ணனுக்கு, யாருக்கோ. அந்த யாரோ ஒருவருக்கு உங்கள் பெயர்கூடத் தெரியாது. எனக்குத் தெரியும். இந்த வீட்டில் மூன்றாவது மாடி வரைக்கும் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

கேட்காதே என்றீர்கள், கேட்கவில்லை. ஆனால் அந்த மூன்று நாளும் அண்ணன் என்ன சொன்னார் என்று நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. அதையும் கேட்கவில்லை.

இப்போது தொழில்காரியாக ஒரு வார்த்தை. ‘நேரில் சொல்கிறேன்’ என்று எழுதினவரை நானாக இருந்தால் முதல் ஆளாகக் கூப்பிடுவேன். அங்கே போனதும் தட்டை நிறுத்தியதைச் சொல்லுங்கள். மன்னிப்புக் கடிதத்தைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதீர்கள். இந்த ஒரு தடவை சின்னவள் பேச்சைக் கேளுங்கள்.

உங்கள் மைனா


ஜூன் 19

அன்புள்ள மைனாவுக்கு,

நலம். உன் பேச்சைக் கேட்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நேர்முகத்துக்கு அழைத்த கடிதம் வீட்டு முகவரிக்கே வந்துவிட்டது. படிவத்தில் தையல்காரி முகவரியையா போட முடியும்? நான் வரும்போது உன் அண்ணன் அந்த உறையை மேஜை மேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தார். பிரிக்கவில்லை. ஆனால் உறை மேலேயே ஆஸ்பத்திரி பெயர் அச்சடித்திருந்தது.

“எத்தனை மாசமா?”

“மார்ச்லருந்து.”

“மைனாவுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“கீழ் வீட்டு அம்மாவுக்கு?”

“தெரியும்.”

“அப்ப எனக்குத்தான் தெரியாது.”

அதற்கப்புறம் இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் காலையில் நான் கிளம்பினால், அவர் லீவு போட்டுவிட்டு சட்டை மாட்டிக்கொண்டு நிற்கிறார். இரண்டு பஸ்ஸிலும் கூட வந்தார். உள்ளே வரவில்லை. கேட்டுக்கு எதிரே ஒரு மரத்தடியில் நின்றுகொண்டார்.

உள்ளே மூன்று பேர். நடுவில் நரைத்த தலையோடு ஓர் அம்மா, வெகுகாலம் தலைமை நர்ஸாக இருந்தவராம். ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்து “இதுல என்ன குறை?” என்றார். மூன்று குறை சொன்னேன். “நாங்க ரெண்டுதான் வெச்சோம்” என்றார் பக்கத்தில் இருந்தவர். மூன்றாவதை எடுத்துக் காட்டினேன். ஒரு இடுக்கியின் கீலுக்குள் நூல் அளவுக்குத் துரு. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

பிறகு அந்த அம்மா படிவத்தைத் திருப்பினார். “பதினாலாவது கட்டத்துல நேர்ல சொல்றேன்னு எழுதியிருக்கீங்க. சொல்லுங்க.”

சொன்னேன். யார் பெயரையும் சொல்லவில்லை, யாரையும் திட்டவில்லை. பட்டை, தட்டு, தாமதம் என்று நடந்ததை மட்டும் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நீயும் அப்படித்தான் சொன்னாய். ஆனால் அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதியைச் சொல்லிவிட்டுப் பாதியை மடித்து வைத்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. “அப்புறம் மன்னிப்பும் எழுதிக் கொடுத்தேன் மேடம்” என்றேன்.

“நீங்க செஞ்சது சரிதானே? எதுக்கு மன்னிப்பு?”

“தட்டை நிறுத்தினது சரி. மன்னிப்புல கையெழுத்துப் போட்டதுதான் தப்பு. இருபத்திரண்டு வருஷத்துல நான் கையெழுத்துப் போட்ட எல்லாக் காகிதத்துக்கும் பொறுப்பு ஏத்துக்குவேன். அந்த ஒண்ணுக்கு மட்டும் வெட்கப்படறேன்.”

“இங்கயும் ஒரு டாக்டர் இறங்கி வந்து கத்தினா?”

“கத்தட்டும் மேடம். பட்டை கறுத்தாத்தான் தட்டு போகும்.”

அந்த அம்மா பேனாவை மூடினார். அது நல்லதா கெட்டதா? உங்கள் அலுவலகத்தில் எப்படி?

பதினைந்து நாளில் சொல்வார்களாம். வெளியே வந்தபோது உன் அண்ணன், “நல்லா பண்ணினியா?” என்று கேட்டார். “உண்மையைச் சொன்னேன்” என்றேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

அண்ணி


ஜூன் 24

அன்புள்ள அண்ணிக்கு,

பேனாவை மூடினால், ஒன்று முடிவு செய்துவிட்டார்கள், இல்லாவிட்டால் மை தீர்ந்துவிட்டது. அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

உங்கள் மேல் முதலில் கோபம் வந்தது. பத்தொன்பது வருஷ அனுபவத்தில் ஒரு புத்தி சொன்னால் அதைப் பாலத்திலேயே தூக்கிப் போட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். அப்புறம் உங்கள் பதிலைச் சத்தமாக உங்கள் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். முடித்தபோது அவர் எழுந்து நின்றிருந்தார். ஏன் எழுந்தீர்கள் என்றால் தெரியவில்லை என்கிறார்.

வேலை கிடைக்காவிட்டாலும் சொல்கிறேன், எங்கள் குடும்பத்தில் வந்து சேர்ந்ததற்கு உங்களுக்கு ஒரு கும்பிடு.

முழங்கால் தேவலை.

மைனா


ஜூலை 8

அன்புள்ள மைனாவுக்கு,

மை தீரவில்லை!

நியமன உத்தரவு வந்துவிட்டது. என் பெயருக்குக் கீழே ‘தலைவர், கிருமிநீக்கப் பிரிவு’ என்று அச்சில் இருக்கிறது. தையல்காரி நாலு தடவை வாங்கிப் படித்துவிட்டு, வெள்ளைக் கோட்டு அளவெடுக்க டேப்போடு வந்து நிற்கிறாள். அங்கேயே கொடுப்பார்கள் என்றால் கேட்கவில்லை. அவர்கள் தைப்பது தோளில் நிற்காதாம்.

நேற்று ராஜினாமாவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நிர்வாக அதிகாரி அதை இரண்டு தடவை படித்தார். பிறகு “பதவி உயர்வு போட்டுத் தர்றோம், இருங்க” என்றார். இருபத்திரண்டு வருஷமாக அது எந்த அலமாரியில் இருந்தது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. நல்லபடியாகத்தான் நன்றி சொன்னேன். அந்த இடம் எனக்குத் தொழில் கொடுத்தது, புருஷனையும் கொடுத்தது.

கூடவே இன்னொரு காகிதமும் கொடுத்தேன். ‘நவம்பரில் நான் தந்த மன்னிப்புக் கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன். அன்று நான் செய்தது சரி. மறுபடி நேர்ந்தாலும் அதையே செய்வேன்.’

“போகப் போறீங்க, இப்ப எதுக்கு இது?” என்றார்.

“போறதாலதான் சார். அதைத் தூக்கிக்கிட்டு இன்னொரு இடத்துக்குப் போக முடியாது” என்றேன்.

மூன்று வரி. இதை எழுத எனக்கு யார் உதவியும் தேவைப்படவில்லை, மைனா.

உன் அண்ணனிடமும் காட்டினேன். ரொம்ப நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார். மூன்று வரிக்கு எதற்கு அவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

அண்ணி


ஆகஸ்ட் 9

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். நான் கடிதம் எழுதி எத்தனை வருஷம் ஆயிற்று என்று கணக்குப் பார்க்காதே. இங்கே இருவரும் நலம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். மூன்றாவது மாடி பற்றி உன் அண்ணி பேசியது போதும், நான் வேறு ஆரம்பிக்க விரும்பவில்லை.

நீயும் அவளும் எழுதிக்கொண்டதை நான் படிக்கவில்லை. ஆனால் அதில் ஒரு விஷயம் இருக்காது என்று எனக்குத் தெரியும். என்னை விட்டுக்கொடுக்க மாட்டாள். அதனால் நானே சொல்கிறேன்.

நவம்பரில் அந்த யந்திரத்தைப் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டது என்னைத்தான். கதவைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் உண்டு. அதில் விரிசல். காற்று கசிந்தால் உள்ளே நீராவி நடு வரைக்கும் போகாது. வளையத்தைக் கையில் எடுத்துப் பார்த்ததுமே அவள் சொன்னது சரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. புது வளையம் மாட்டினேன். பதிவேட்டில் ‘வழக்கமான மாற்றம்’ என்று எழுதினேன். அப்படி எழுதச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை. பெரிய டாக்டரோடு யார் மோதுவது என்ற பயத்தில் நானாக எழுதியது. அன்று வீட்டில் அவள், “யந்திரத்துல என்ன கோளாறு?” என்று கேட்டாள். “ஒண்ணுமில்ல” என்றேன்.

மூன்று நாள் கையெழுத்துப் போடாமல் இருந்தாள். நாலாம் நாள் நான்தான், “போட்டுடு, ரெண்டு பேர் வேலையும் இங்கதான் இருக்கு” என்றேன். என் முகத்தைப் பார்த்தாள். போய்ப் போட்டுவிட்டு வந்தாள்.

எட்டு மாசம் கூடவே நடந்து போனேன், வந்தேன். அவள் ஒரு நாளும் சொல்லிக் காட்டவில்லை. யந்திரம் கெட்டிருந்தது என்று தெரியாமலேயே, அந்தப் பட்டையை மட்டும் நம்பி, முன்பின் தெரியாத மூன்று பேர் முன்னால் ‘நான் செய்தது சரி’ என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். நான் வளையத்தைக் கையில் பிடித்துப் பார்த்தவன். என் வாயிலிருந்து அது வரவில்லை.

அவளுடைய கடைசி நாளில் அடித்தள நடையில் நான் ஏணி மேல் நின்று விளக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். அவளோடு வேலை செய்த ஒன்பது பேரும் வாசல் வரை வந்தார்கள். யாரும் கை தட்டவில்லை, பேசவில்லை. சும்மா கூடவே நடந்து வந்தார்கள். என்னைத் தாண்டும்போது நிமிர்ந்து பார்த்து, “பாத்து இறங்குங்க” என்றாள்.

இறங்கி நேரே நிர்வாகத்துக்குப் போனேன். ‘நவம்பரில் வளையம் விரிசல் விட்டிருந்தது. பதிவேட்டில் நான் எழுதியது பொய். பிரிவில் எடுத்த முடிவு சரியானது’ என்று எழுதிக் கொடுத்தேன். அவளுடைய மூன்று வரிக்குப் பின்னால் கோத்து வைக்கச் சொன்னேன்.

“இதனால உங்களுக்குப் பிரச்சினை வரும், தெரியும்ல?” என்றார் அதிகாரி.

“வரணும் சார்” என்றேன்.

வந்தது. பதிவேட்டில் பொய் எழுதியதற்கு மெமோ கொடுத்தார்கள், ஒரு வருஷச் சம்பள உயர்வை நிறுத்திவிட்டார்கள். சரியான மெமோ. அதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை.

அவளிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. புது இடத்தில் முதல் நாள் முடிந்து சாயங்காலம் வருகிறாள் என்று இரண்டாவது பஸ் நிறுத்தத்தில் போய் நின்றேன். கழுத்தில் புது அடையாள அட்டையோடு இறங்கினாள். கழற்ற மறந்துவிட்டாளா, கழற்ற மனசில்லையா என்று தெரியாது. நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மெமோவையும் சொன்னேன். அந்தத் தெரு முழுக்க அவள் வாய் திறக்காமல் நடந்தாள். இத்தனை வருஷத்தில் நான் அவ்வளவு பயந்தது கிடையாது.

நம் வீட்டுக்கு முன்னால் வந்ததும் நின்றாள்.

“விரிசல் எந்தப் பக்கம்?”

“கீழ. கீல் பக்கமா.”

“எவ்வளவு நீளம்?”

“ஒரு விரல் இருக்கும்.”

கொஞ்ச நேரம் யோசித்தாள். கணக்குப் போடுகிற முகம். “அப்ப நடுவுல இருந்த பட்டை கறுக்காம இருந்தது சரிதான்” என்றாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது, ஆனால் அழவில்லை. “நான் அன்னிக்கே சொன்னேன்ல?”

“சொன்னே.”

“அப்ப நீங்க சொல்லல. இப்பச் சொல்லுங்க.”

“நீ செஞ்சதுதான் சரி.”

“கேக்கல.”

நடுத்தெருவில் நின்று சத்தமாகச் சொன்னேன், தங்கச்சி. கீழ்வீட்டுத் தையல்காரி ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். பார்க்கட்டும் என்று இன்னொரு தடவையும் சொன்னேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன்